பிறக்கும் முன்பே ராஜா

போன எபிசோடை அலெக்சாண்டர் பாபிலோன்ல கண்ணை மூடுற இடத்துல நிறுத்தியிருந்தோம். அதைக் கேட்டுட்டு நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: அவ்வளவு பெரிய ராஜ்யத்துக்கு ஒரு வாரிசு கூடவா இல்ல?

இருந்தான். ராஜாவாவே பிறந்து ராஜாவாவே செத்துப்போன ஒரு பையன். அவன் பேரும் அலெக்சாண்டர்தான். வரலாற்றுப் புத்தகங்கள்ல நான்காம் அலெக்சாண்டர்னு போடுவாங்க, அதுவும் பெரும்பாலும் ஒரே ஒரு வரியில. அவன் வாழ்ந்த சுமார் பதிமூணு வருஷத்துல ஒரு நாள் கூட ஆட்சி பண்ணல. ஆனா அந்தக் காலத்துல கிரீஸ்ல இருந்து ஈரான் வரைக்கும் நடந்த சண்டைகள்ல பெரும்பாலானவை அவன் பேரைச் சொல்லித்தான் நடந்துச்சு. இன்னைக்கு முழுக்க அவன் கதை.

கி.மு. 323, ஜூன் மாதம். அலெக்சாண்டர் இறந்தப்போ அவருக்கு 33 வயசு கூட முடியல. மனைவி ரொக்சானா கர்ப்பமா இருந்தாங்க. அவங்க மாசிடோனியா பொண்ணு கிடையாது. இன்னைக்கு ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான் இருக்கிற பக்கத்துல ஒரு பிரபுவோட மகள். அலெக்சாண்டர் அந்த நாட்டை ஜெயிச்சு, அங்கேயே கல்யாணம் பண்ணிக்கிட்டார். இப்போ பாபிலோன் அரண்மனையில ஒரு அறையில பிணம், இன்னொரு அறையில நிறைமாசத்தை நெருங்குற ராணி. நடுவுல கையில வாளோட நிக்கிற தளபதிகள்.

குதிரைப்படைத் தலைவர்கள், முக்கியமா பெர்டிக்காஸ், "குழந்தை பிறக்கட்டும், காத்திருப்போம்"னு சொன்னாங்க. சாவதற்கு முன்னாடி அலெக்சாண்டர் தன்னோட முத்திரை மோதிரத்தைக் கொடுத்தது இந்த பெர்டிக்காஸ் கையிலதான். ஆனா காலாட்படை ஒத்துக்கல. நாம ஜெயிச்ச நாட்டுப் பொண்ணோட பிள்ளைக்கு நாமே தலை வணங்கணுமான்னு ஒரு முணுமுணுப்பு. அவங்க கண்ணு முன்னாடியே இன்னொருத்தர் இருந்தார், அலெக்சாண்டரோட ஒன்றுவிட்ட அண்ணன் அர்ரிடேயஸ். அதே அப்பா, வேற அம்மா. அவருக்கு மனநிலையில ஏதோ குறைபாடு இருந்ததுன்னு பழைய எழுத்தாளர்கள் பலர் சொல்றாங்க. அதனாலதான் அவர் அதுவரைக்கும் யாருக்கும் ஆபத்தா தெரியாம உயிரோட இருந்தார். சிப்பாய்களுக்கு அது பெரிய விஷயமா படல. பழைய ராஜா பிலிப்போட ரத்தம், அது போதும்.

அரண்மனைக்குள்ளேயே ரெண்டு படைப்பிரிவும் மோதிக்கிற நிலைமை வந்துச்சு. கடைசியில ஒரு டீல். ரெண்டு பேருமே ராஜா. ஒருத்தரால ஆள முடியாது, இன்னொருத்தர் இன்னும் பிறக்கவே இல்லை. இந்த டீல்ல கையெழுத்துப் போட்ட எல்லாரும் உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டிருப்பாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

டீல் முடிஞ்ச சில நாள்லயே படையைச் சுத்திகரிக்கிற சடங்குன்னு சொல்லி எல்லாரையும் வெட்டவெளியில அணிவகுக்க வெச்சார் பெர்டிக்காஸ். காலாட்படையில கலகம் பண்ணவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு யானைகளுக்குக் கீழ தள்ளினாங்க. முப்பது பேர்னு ஒரு பழைய எழுத்தாளர் சொல்றார், முந்நூறுன்னு இன்னொருத்தர். அவங்களோட தலைவர் மெலியேகர் கோயிலுக்குள்ள ஓடி ஒளிஞ்சார். அங்கேயே வெச்சுக் கொன்னாங்க. ரொக்சானாவும் சும்மா இருக்கல. அலெக்சாண்டர் கட்டிக்கிட்ட பாரசீக இளவரசி ஸ்டாடிராவை, அவங்க தங்கையோட சேர்த்து வரவழைச்சுக் கொலை செய்ய வெச்சாங்கன்னு புளூட்டார்க் எழுதியிருக்கார். உடந்தை, பெர்டிக்காஸ். தன் வயித்துல இருக்கிற குழந்தைக்குப் போட்டியா இன்னொரு குழந்தை வந்துடக்கூடாதுங்கிற பயம்.

அப்புறம் ஆண் குழந்தை பிறந்துச்சு.

இங்க ஒரு நிமிஷம். இவ்வளவு பலம் உள்ள தளபதிகள், ஆளுக்கு ஒரு படை, ஆளுக்கு ஒரு கஜானா. எதுக்கு ஒரு கைக்குழந்தையைத் தாங்கிப் பிடிக்கணும்? நேரா "நான்தான் ராஜா"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே?

மைனர் சொத்து கேள்விப்பட்டிருப்பீங்க. சொத்து குழந்தை பேர்ல இருக்கும், நிர்வாகம் பண்றது கார்டியன். குழந்தை மேஜர் ஆகிற வரைக்கும் அப்படித்தான். கிட்டத்தட்ட அதே கணக்குதான். மாசிடோனியாவுல பல தலைமுறையா ஒரே குடும்பம்தான் ஆண்டது. சிப்பாய்க்கு விசுவாசம் அந்தக் குடும்பத்து மேலதான். தளபதி எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் அந்த விசுவாசத்தை வாடகைக்குத்தான் எடுத்துக்க முடியும். டாலமி எகிப்தை ஆண்டார், ஆன்டிகோனஸ் ஆசியா மைனர்ல பெரிய பகுதியை ஆண்டார், லைசிமாக்கஸ் திரேஸை ஆண்டார். எல்லாருமே ராஜாவோட பேர்ல ஆள்ற ஆளுநர்கள்தான். பவர் பத்திரத்தை வெச்சுக்கிட்டு வேலை பார்த்தாங்க.

அப்போ குழந்தையைக் கையில வெச்சிருக்கிறவர்தான் பவர் பத்திரம் எழுதுறவர். பெர்டிக்காஸ் அதைச் சரியாவே புரிஞ்சுக்கிட்டார். ரெண்டு ராஜாக்களையும் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு, படையோட போன இடத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போனார்.

டாலமிக்கு வேற ஒரு யோசனை. உயிரோட இருக்கிற ராஜா கிடைக்கலைன்னா, செத்துப்போன ராஜா இருக்காரே? அலெக்சாண்டரோட உடலை எடுத்துட்டுப் போக ரெண்டு வருஷமா ஒரு தங்க வண்டி தயாராச்சு. 64 கோவேறு கழுதைகள் இழுக்கிற வண்டி. அது பாபிலோன்ல இருந்து கிளம்பி சிரியா வந்தப்போ, டாலமி ஒரு படையோட எதிர்கொண்டு "வரவேற்று" எகிப்துக்கே ஓட்டிட்டுப் போயிட்டார். முதல்ல மெம்ஃபிஸ், பிறகு அலெக்சாண்டிரியா. உலக வரலாற்றுல இதை விட துணிச்சலான பிணக் கடத்தல் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

பெர்டிக்காஸ் விடுவாரா? ரெண்டு ராஜாக்களையும் கூட்டிக்கிட்டு எகிப்து மேல படையெடுத்தார். பையனுக்கு அப்போ மூணு வயசு கூட இருக்காது. மெம்ஃபிஸ் பக்கத்துல நைல் நதியைக் கடக்கணும். தண்ணி வேகமா வருதுன்னு மேல்பக்கம் யானைகளை வரிசையா நிக்க வெச்சார். கீழ்ப்பக்கம் குதிரைகள், அடிச்சுட்டுப் போறவங்களைப் பிடிக்க. கேட்க நல்ல ஐடியா மாதிரி இருக்கு, இல்லையா? முதல்ல போனவங்க கடந்துட்டாங்க. ஆனா யானையும் குதிரையும் ஆளும் மிதிச்சு மிதிச்சு அடியில இருந்த மணல் கிளம்பி ஓடிருச்சு. ஆறு ஆழமாகிக்கிட்டே போச்சு. பின்னாடி வந்தவங்களால கடக்க முடியல, முன்னாடி போனவங்களால திரும்ப முடியல. ரெண்டாயிரம் பேருக்கு மேல செத்தாங்க, அதுல பாதிப் பேரை முதலைகள் தின்னுருச்சுன்னு டியோடோரஸ் எழுதியிருக்கார். தன் கரையில ஒதுங்கின எதிரிச் சிப்பாய்களோட உடல்களை டாலமி முறைப்படி எரிச்சு, எலும்புகளைச் சொந்தக்காரங்ககிட்ட அனுப்பி வெச்சார். அன்னைக்கு ராத்திரி பெர்டிக்காஸோட முகாம் முழுக்க அழுகைச் சத்தம். அவரோட சொந்த அதிகாரிகளே கூடாரத்துக்குள்ள புகுந்து அவரைக் குத்திக் கொன்னாங்க. அவங்கள்ல ஒருத்தர் பேர் செலூகஸ். ஞாபகம் வெச்சுக்கோங்க.

அடுத்த நாள் டாலமி ஆத்தைக் கடந்து வந்து அந்தப் படைகிட்டயே பேசினார். ரெண்டு ராஜாக்களுக்கும் பாதுகாவலர் பதவி அன்னைக்கு அவர் கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சு. வேண்டாம்னுட்டார். வேற ரெண்டு பேர் பேரைச் சொல்லிட்டு எகிப்துக்குத் திரும்பிட்டார். இந்த மொத்தக் காலகட்டத்துலயும் ரொம்பப் புத்திசாலித்தனமான முடிவு எதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன். குழந்தையைத் தொட்டவங்க எல்லாருமே எரிஞ்சு போனாங்க. தொடாத டாலமியோட வம்சம் கிட்டத்தட்ட 300 வருஷம், கடைசி கிளியோபாட்ரா வரைக்கும் எகிப்தை ஆண்டது.

பாதுகாவலர் பதவி கடைசியில கிழவர் ஆன்டிபேட்டர்கிட்ட வந்துச்சு. அலெக்சாண்டர் ஆசியாவுல இருந்தப்போ மாசிடோனியாவை நிர்வாகம் பண்ணவர். அவர் ரெண்டு ராஜாக்களையும் மாசிடோனியாவுக்குக் கூட்டிட்டுப் போனார். தன் அப்பாவோட நாட்டைப் பையன் முதல் தடவையா பார்க்கிறது அப்போதான். கி.மு. 319-ல ஆன்டிபேட்டர் இறந்தார். சாகும்போது பதவியைச் சொந்த மகன் கசாண்டருக்குத் தராம, பாலிபெர்கான்னு ஒரு பழைய தளபதிக்குக் கொடுத்துட்டுப் போனார். மகன் சும்மா இருப்பாரா? ஆன்டிகோனஸ்கிட்டப் போய் உதவி கேட்டார். மறுபடியும் போர்.

இதுல ரெண்டு ராஜாக்களும் எதிரெதிர்ப் பக்கம் போயிட்டாங்க. அர்ரிடேயஸோட மனைவி யூரிடிகே, பழைய ராஜா பிலிப்போட பேத்தி. இருபதைத் தொடாத வயசு, ஆயுதப் பயிற்சி உள்ள பொண்ணு. கணவரால ஆள முடியாதுன்னா நான் ஆள்றேன்னு கசாண்டர் பக்கம் சாய்ஞ்சாங்க. குழந்தை அலெக்சாண்டருக்கு ஆதரவா வந்தது அவனோட பாட்டி ஒலிம்பியாஸ், பெரிய அலெக்சாண்டரோட அம்மா. கி.மு. 317-ல ரெண்டு படையும் நேருக்கு நேர் நின்னுச்சு. பெண்களுக்கு நடுவுல நடந்த முதல் போர்னு ஒரு பழைய எழுத்தாளர் இதைக் குறிச்சு வெச்சிருக்கார். ஆனா போர் நடக்கவே இல்லை. அலெக்சாண்டரோட அம்மாவைப் பார்த்ததும் யூரிடிகேயோட சிப்பாய்கள் அப்படியே கட்சி மாறிட்டாங்க.

ஒலிம்பியாஸ் அந்த வெற்றியை வெச்சு என்ன பண்ணாங்க? ராஜா அர்ரிடேயஸையும் யூரிடிகேயையும் ஒரு குறுகலான இடத்துல அடைச்சு, சின்னத் துவாரம் வழியா சாப்பாடு கொடுத்தாங்க. பிறகு அர்ரிடேயஸைக் குத்திக் கொல்ல வெச்சாங்க. யூரிடிகேகிட்ட ஒரு வாள், ஒரு தூக்குக் கயிறு, கொஞ்சம் விஷம் அனுப்பி, எது வேணுமோ எடுத்துக்கோன்னாங்க. அந்தப் பொண்ணு மூணையுமே தொடல. தன்னோட இடுப்புக் கச்சையிலயே தூக்குப் போட்டுக்கிட்டா. அதோட நிக்காம கசாண்டரோட ஆதரவாளர்கள் நூறு பேரையும் ஒலிம்பியாஸ் கொன்னாங்க. பாட்டியோட பார்வையில பேரனுக்கான பாதையை முழுசா சுத்தம் பண்ணியாச்சு. ஆனா மக்கள் மனசுல இருந்த மரியாதை அந்த ரத்தத்தோட போயிருச்சு.

கசாண்டர் வேகமா வந்தார். ஒலிம்பியாஸ், ரொக்சானா, பேரன் எல்லாரும் பிட்னாங்கிற கடலோர ஊருக்குள்ள அடைபட்டாங்க. குளிர்காலம் முழுக்க முற்றுகை. உள்ள இருந்த யானைகளுக்கு மரத்தூளைத் தின்னக் கொடுத்தாங்க, அதுங்க ஒவ்வொண்ணா செத்துச்சு. குதிரைகளை மனுஷங்க சாப்பிட்டாங்க. பையனுக்கு ஆறு வயசு இருக்கும். வசந்தகாலத்துல ஒலிம்பியாஸ் சரணடைஞ்சாங்க. அவங்களைக் கொல்லக் கசாண்டர் 200 சிப்பாய்களை அனுப்பினார். அந்த அம்மாவை நேர்ல பார்த்ததும் கை வராம திரும்பி வந்துட்டாங்க. கடைசியில ஒலிம்பியாஸ் யாரையெல்லாம் கொன்னாங்களோ அவங்களோட சொந்தக்காரங்களே வந்து முடிச்சாங்க.

பையனையும் ரொக்சானாவையும் ஆம்ஃபிபோலிஸ் கோட்டைக்கு அனுப்பினார் கசாண்டர். மாசிடோனியாவுல ராஜா வீட்டுப் பிள்ளைகளோட பிரபுக்கள் வீட்டுப் பையன்களும் சேர்ந்து வளர்றது வழக்கம். அந்தப் பையன்களை விலக்கச் சொன்னார். இனிமே அவனை ராஜா மாதிரி நடத்த வேண்டாம், சாதாரண ஆள் மாதிரி நடத்துங்கன்னு உத்தரவு. காவலுக்கு கிளாவ்கியாஸ்னு ஒரு ஆள்.

அவன் அங்க பூட்டப்பட்டிருக்க, வெளிய அவன் பேர் மட்டும் ஊர் ஊரா சுத்திக்கிட்டு இருந்தது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் யூமனீஸ். பெரிய அலெக்சாண்டரோட தலைமைச் செயலரா இருந்தவர், அப்புறம் தளபதியானார். அவர் கிரேக்கர், மாசிடோனியர் கிடையாது. அதனால மாசிடோனியத் தளபதிகள் அவர் சொன்னதைக் கேட்க மாட்டாங்க. என்ன பண்ணார் தெரியுமா? ஒரு பெரிய கூடாரம் போட்டார். உள்ள ஒரு தங்கச் சிம்மாசனம், அது மேல மகுடமும் செங்கோலும். அலெக்சாண்டர் என் கனவுல வந்து இங்கதான் ஆலோசனை நடக்கணும்னு சொன்னார்னு ஒரு கதையும் விட்டார். தினமும் தளபதிகள் எல்லாரும் காலி நாற்காலிக்கு முன்னாடி தூபம் போட்டுட்டு அப்புறம் பேசுவாங்க. உத்தரவு போடுறது யூமனீஸ் இல்லை, நாற்காலி. வேலை செஞ்சது!

அவர்கிட்ட வெள்ளிக் கேடயக்காரர்கள்னு ஒரு பழைய படைப்பிரிவு இருந்தது. அலெக்சாண்டரோட உலகம் சுத்தினவங்க, அறுபது வயசுக்குக் குறைஞ்ச ஆளே இல்லைன்னு சொல்வாங்க. ஈரான்ல நடந்த கடைசிப் போர்ல இந்தத் தாத்தாக்கள் எதிரே வந்த காலாட்படையை நொறுக்கிட்டாங்க. ஆனா அந்தப் புழுதியில ஆன்டிகோனஸோட குதிரைப்படை பின்னாடி சுத்தி வந்து அவங்களோட மூட்டை முடிச்சு, பொண்டாட்டி பிள்ளைகள், வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கொள்ளைப் பொருள் எல்லாத்தையும் பிடிச்சிருச்சு. திரும்பத் தர ஆன்டிகோனஸ் கேட்ட விலை, யூமனீஸ். கட்டிக் கொடுத்துட்டாங்க. ராஜ குடும்பத்துக்காகப் போராடினவர்னு சொல்லிக்க ஆசியாவுல மிச்சம் இருந்த பெரிய ஆள் அவர்தான். அவரும் போயாச்சு.

இப்போ ஆன்டிகோனஸ் பக்கம் காத்து. உடனே அவருக்குப் பையன் மேல திடீர்ப் பாசம். கி.மு. 315-ல டயர் நகரத்துல படையைக் கூட்டி, கசாண்டர் ராஜாவைச் சிறையில வெச்சிருக்கார், இது அநியாயம், உடனே விடணும்னு தீர்மானம் போட்டார். போய் மீட்டாரா? இல்லை. அவருக்குத் தேவை பையன் இல்லை, பையன் மேல நடந்த அநியாயம்.

நாலு வருஷம் அடிச்சுக்கிட்டு எல்லாரும் களைச்சுப்போய், கி.மு. 311-ல ஒரு சமாதான ஒப்பந்தம். யார் யாருக்கு எந்தப் பகுதின்னு பிரிச்சுக்கிட்டாங்க. அதுல ஒரு ஷரத்து: ஐரோப்பாவோட தளபதியா கசாண்டர் இருப்பார், ரொக்சானாவோட மகன் அலெக்சாண்டர் வயசுக்கு வர்ற வரைக்கும்.

கேட்க எவ்வளவு மரியாதையா இருக்கு. ஆனா பையனுக்கு அப்போ பன்னிரண்டு வயசு. கசாண்டர் விரல்விட்டு எண்ணியிருப்பார். மைனர் மேஜர் ஆகப் போறான். அதே நேரம் மாசிடோனியாவுல, பையனைக் காவல்ல இருந்து விட்டு அவங்கப்பா ராஜ்யத்தை அவன்கிட்டக் கொடுக்கணும்னு பேச்சு கிளம்பிருச்சு. அந்தப் பேச்சுதான் அவனைக் கொன்னது. கிளாவ்கியாஸுக்கு ரகசிய உத்தரவு போச்சு: ரெண்டு பேரையும் கொன்னுடு, உடல்களை மறைச்சுடு, யாருக்கும் தெரியக்கூடாது. கி.மு. 310 வாக்கில, ஆம்ஃபிபோலிஸ்ல, அம்மாவும் மகனும்.

இதைக் கேட்டு மத்த தளபதிகள் கொதிச்சிருக்கணும் இல்லையா, ராஜா ராஜான்னு பேசினவங்க? டியோடோரஸ் சொல்றது நேர் எதிர். கசாண்டர், லைசிமாக்கஸ், டாலமி, ஆன்டிகோனஸ் நாலு பேருக்குமே நிம்மதி. இனி சொத்தைத் திருப்பிக் கேட்க ஆள் இல்லை. அடுத்த ரெண்டு வருஷத்துல மிச்சமும் தீர்ந்துச்சு. பெரிய அலெக்சாண்டருக்கு இன்னொரு பெண்கிட்டப் பிறந்த மகன்னு சொல்லி ஹெராக்ளிஸ்ங்கிற இளைஞனை பாலிபெர்கான் கூட்டிட்டு வந்தார். கசாண்டர் ஒரு நல்ல ஆஃபர் கொடுத்ததும் அவரே அவனைக் கொன்னுட்டார். அலெக்சாண்டரோட தங்கை கிளியோபாட்ரா டாலமியைக் கல்யாணம் பண்ணிக்கக் கிளம்பினாங்க. ஆன்டிகோனஸ் ஆள் வெச்சுக் கொன்னு, கொன்ன பெண்களுக்கும் மரண தண்டனை கொடுத்து, பிரமாதமா இறுதிச்சடங்கும் செஞ்சார்.

இனிமேதான் விசித்திரம். ராஜா இல்லை. ஆனா யாரும் உடனே மகுடம் வெச்சுக்கல. அந்தக் காலத்துல தேதின்னா ராஜாவோட எத்தனையாவது ஆட்சியாண்டுன்னுதான் எழுதுவாங்க. பாபிலோன்ல கடன் கொடுத்த, தானியம் வித்த களிமண் பலகைகள் கிடைச்சிருக்கு. அதுல அந்தப் பையன் செத்து வருஷங்கள் ஆன பிறகும் அவனோட ஆட்சியாண்டை எண்ணிக்கிட்டே இருக்காங்க. எகிப்துலயும் அப்படியேதான். கி.மு. 311-ல எகிப்துல வெட்டின ஒரு கல்வெட்டு இருக்கு. தேதி, மாண்புமிகு அலெக்சாண்டரோட ஏழாவது ஆண்டு. பாராட்டு முழுக்க டாலமிக்கு. ராஜா பேர் எழுத வேண்டிய நீள்வட்டக் கட்டம் மட்டும் காலியா இருக்கு.

கி.மு. 306-ல சைப்ரஸ் பக்கத்துல ஆன்டிகோனஸோட மகன் டெமெட்ரியஸ் டாலமியோட கடற்படையை நொறுக்கினார். அந்தச் சந்தோஷத்துல அப்பாவும் மகனும் மகுடம் கட்டிக்கிட்டாங்க. ஒருத்தர் ஆரம்பிச்சா போதுமே. ரெண்டு வருஷத்துக்குள்ள டாலமி, செலூகஸ், லைசிமாக்கஸ், கசாண்டர் எல்லாருமே ராஜா. செலூகஸ் சந்திரகுப்த மௌரியர்கிட்ட நிலத்தைக் கொடுத்து யானைகளை வாங்கி, கி.மு. 301-ல இப்சஸ் போர்க்களத்துல ஆன்டிகோனஸை முடிச்ச கதை தனி எபிசோட். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

பையன்கிட்டத் திரும்பி வரேன். 1977-78-ல வட கிரீஸ்ல வெர்கினாங்கிற ஊர்ல மனோலிஸ் ஆண்ட்ரோனிக்கோஸ் ஒரு பெரிய மண்மேட்டைத் தோண்டினார். மாசிடோனிய ராஜாக்களோட பழைய தலைநகர் அது. உள்ள கிடைச்ச கல்லறைகள்ல மூணாவதை இளவரசன் கல்லறைன்னு சொல்றாங்க. கொள்ளை போகாம அப்படியே இருந்தது. உள்ள ஒரு வெள்ளிக் குடம், அதோட தோள்பட்டையைச் சுத்தி ஓக் இலைகளால செஞ்ச தங்க மாலை. குடத்துக்குள்ள எரிச்ச எலும்புகள். பதிமூணுல இருந்து பதினாறு வயசுக்குள்ள ஒரு பையனோடது. பேர் எதுவும் எழுதல. ஆனா அந்த வயசுல, அந்த மரியாதையோட, அந்த இடத்துல புதைக்கப்படக்கூடிய ஆள் ஒருத்தன்தான்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க. அம்மா அந்தக் கல்லறையில இல்லை. முன்னறையோட சுவர்ல மட்டும் ஒரு ஓவியப் பட்டை, சுத்திலும் தேர்ப்பந்தயம். ரெண்டு ரெண்டு குதிரை பூட்டின தேர்கள் ஒண்ணையொண்ணு முந்திக்கிட்டு ஓடுது.